யார் மனந்திரும்ப?

பெனிட்டா ஒற்றைப் பையோடு வாசுதேவநல்லூர் பஸ் ஏறிப் போனாளே, அன்றைக்கே இந்தக் கதையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். மாமியார்க்காரி ஏதாவது சொல்லியிருப்பாள், வேறென்ன என்று. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சங்கரன்கோவிலிலும் அப்படித்தான் நினைத்தார்கள். மாமியார் இன்பமேகூட, நாம் என்ன சொன்னோம், எப்போது சொன்னோம் என்று தன் வாயைத்தான் சோதனை போட்டுக்கொண்டிருந்தாள்.

மகன் பிரின்ஸிடம் கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, அவளுக்கு அம்மா வீட்டு ஞாபகம்" என்றான். புருஷன் சுந்தரராஜிடம் கேட்டாள். விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விற்கிறவர் அவர். எல்லாச் சிக்கலும் தானாகப் பிரிந்துவிடும் என்று நினைக்கிற ஆள். "சின்னஞ்சிறுசுக. சரியாயிரும்" என்றார்.

பெனிட்டாவிடமே போனில் கேட்டாள். புதன்கிழமை அது. "இருங்க அத்த, இந்தக் காதுல கேக்கல, மாத்திக்கிடுதேன்" என்று போனை மாற்றிப் பிடித்தாள் மருமகள். பிறகு, "உங்க மகனைக் கேளுங்க" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

லைனில்தான் ஏதோ கோளாறு என்று இன்பம் நினைத்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் வேறு எதை நினைப்பாள்?

ஓய்வு பெற்ற கையோடு அவள் வாகைமரத்துச் சபையில் சேவை மிஷனெரியாகச் சேர்ந்திருந்தாள். மிஷனெரி என்றதும் காட்டுக்கும் மலைக்கும் போகிற ஆளை நினைக்க வேண்டாம். ஆலயத்தை ஒட்டி, ஒடிந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணி, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு போனும் ஒரு ஃபேனும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதுதான் அவளுடைய ஊழியக் களம். ஒரு வருஷத்துக்கு, சம்பளம் கிடையாது. கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை தொங்கும். சுந்தரராஜ் அதைப் பார்க்கும்போதெல்லாம், "கலெக்டரம்மா கிளம்பிட்டாவ" என்பார்.

இந்த வாரமும் வேலைக்குக் குறைச்சல் இல்லை. திருப்பூரிலிருந்து ஒருவர் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டுப் போனில் ஒற்றைக் காலில் நின்றார். அவர் சொன்ன வருஷத்தில் அவர் பிறந்திருக்கவே இல்லை. ஒரே நாளுக்கு ஹாலைக் கேட்டு இரண்டு கல்யாண வீட்டார் வந்து, அவள் மேஜைக்கு முன்னாலேயே சம்பந்தி சண்டை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய பிறந்த நாள், கல்யாண நாள் பெயர்களை டைப் அடித்தாள். அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பமே கோயிலுக்கு வராது. அவ்வளவு ரோஷம்.

இதையெல்லாம் இன்பம் சிரித்துக்கொண்டே செய்வாள். ஆனால் ஊழியம் என்று அவள் மனசார நினைத்தது வெள்ளிக்கிழமை வேலையைத்தான். அன்றைக்குத்தான் ஜெபக்குறிப்புகளைத் தொகுப்பாள்.

சனிக்கிழமை காலை உபவாச ஜெபம். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேலை இல்லை, யார் மகளுக்கு வரன் தட்டிப் போகிறது என்று இன்பம் ஒவ்வொன்றாக வாசிப்பாள். ஒவ்வொன்றின் முடிவிலும் சபையார், "ஆண்டவரே, கேட்டருளும்" என்பார்கள். அவள் வாசிப்புக்குக் கீழே பிரின்ஸ் கீபோர்டை மெல்ல வாசித்துக்கொண்டிருப்பான். தாய் வாசிக்க, மகன் இசைக்க, பார்க்கிறவர்களுக்குக் கண் நிறைந்துவிடும்.

குறிப்பு சொல்ல யார் போன் பண்ணினாலும் இன்பம் இரண்டு கேள்வி கேட்பாள். "இதைச் சபையில வாசிக்கலாமா? பேரோட வாசிக்கலாமா?" அடுத்தவர் கதையை யாராவது சொல்ல வந்தால், "அவியளையே கூப்பிடச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிடுவாள். ஊர்ப் பேச்செல்லாம் காது வழியாகப் போன உத்தியோகம் பார்த்தவள். அதில் ஒரு சொல்லைக்கூட வெளியே விட்டதில்லை என்பது அவள் பெருமை.

வியாழக்கிழமை ரெபேக்காள் போன் பண்ணினாள். பெண்கள் ஐக்கியத்தில் முன்வரிசை ஆள்.

"ஜெபத்துக்காகத்தான் கேக்குதேன் இன்பம். உன் மருமக ஏன் போயிட்டா?"

"ஜெபத்துக்குன்னா, காரணம் தெரியாமலே ஜெபிங்கக்கா. ஆண்டவருக்குத் தெரியும்லா" என்றாள் இன்பம்.

ஊர்வம்புக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டால் அது ஜெபக்குறிப்பு ஆகிவிடுமா? ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். இன்பம் அந்தப் போனை எடுக்கத் தொடங்கிய பிறகு வாகைமரத்துச் சபையில் அது நடந்ததில்லை. இந்தச் சனிக்கிழமை நடந்தது.

*

ஆலயத்துக்கு எதிரே ஹஸ்னா பானுவின் ஜெராக்ஸ் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்பம் டைப் அடித்து அனுப்புவதைப் போதகர் ஞானஒளிவு ஒரு தடவை பார்த்துவிட்டுப் பானுவுக்கு அனுப்பிவிடுவார். சனிக்கிழமை காலையில் இன்பம் போய்ப் பிரதிகளை வாங்கிக்கொள்வாள். வழக்கமாக எட்டு மணிக்கெல்லாம் கட்டி வைத்திருப்பாள் பானு. இன்றைக்கும் கட்டித்தான் வைத்திருந்தாள். ஆனால் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்படாது. கடைசியா இருக்கது உங்க மருமகளா?"

"எதுல கடைசியா?"

பானு தாளை நீட்டினாள். இன்பம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தாள்.

'கணவரையும் வீட்டையும் விட்டுப் பிரிந்துபோன சகோதரி பெனிட்டா பிரின்ஸ், கீழ்ப்படியாமையின் ஆவி நீங்கி, மனந்திரும்பி, வீடு வந்து சேர ஜெபிப்போம்.'

 தாள் இன்பம் அடித்த தாள்தான். மேலே இருக்கிற குறிப்பெல்லாம் அவள் கேட்டு எழுதியவை. இந்த ஒன்றை மட்டும் வேறு யாரோ சேர்த்திருக்கிறார்கள். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் மைக்கில் நின்று இதை வாசிக்கப் போகிற குரல் அவளுடையது. மாமியாரே வாசித்துவிட்டால் பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பெனிட்டா ஓடிப்போனவள் என்று ஊர் முத்திரை குத்திவிடும்.

"நீங்க போனைப் பாக்கலியாக்கா? நேத்து ராத்திரியே உங்க கோயில் வாட்ஸ்அப் குரூப்புல வந்துட்டாம். எங்க தெருவுல காட்டினாவ" என்றாள் பானு. "எங்க ஜமாஅத்துல என் பேரை இப்படிப் போட்டிருந்தா, எங்க வாப்பா ஒருத்தரையும் உக்கார விட்டிருக்க மாட்டாவ."

"அவ வாப்பா செத்துப் போயிட்டாவ பானு."

"அப்பம் நீங்கதான் கேக்கணும்" என்றாள் பானு.

இன்பம் கட்டை வாங்கிக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்கு நடந்தாள். அவளுக்கு மூட்டு வலி உண்டு. அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

*

போதகர் ஞானஒளிவு சின்ன வயசு. நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருப்பது ஒன்று, யாரையும் பகைக்காமல் இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருப்பவர்.

"இதை யாரு சேர்த்தது அய்யா?"

"நான்தாம்மா" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அண்ணாச்சி போன் பண்ணினாவ. உங்க வீட்டுக்காரர்தான். வீட்டுல பெரிய பாரமா இருக்கு, சபை ஜெபிக்கணும்னு சொன்னாவ. உங்களுக்குத் தெரிஞ்சுதான் சொல்லுதாவன்னு நெனச்சேன்."

"பெனிட்டாட்ட கேட்டியளா?"

"ஜெபிக்கதுக்கு எதுக்கும்மா கேக்கணும்?"

"ஜெபிக்கதுக்குக் கேக்க வேண்டாம். பேரைப் போட்டு மைக்குல வாசிக்கதுக்குக் கேக்கணும். உங்க வீட்டம்மா பேரை இப்படிப் போட்டிருந்தா உங்ககிட்டயாவது கேப்பாவளா, மாட்டாவளா?"

 உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் சட்டென்று நின்றது.

"கீழ்ப்படியாமையின் ஆவின்னு எழுதினது யாரு? அவியளா, நீங்களா?"

"அது... நான்தாம்மா. அவிய 'திமிரு'ன்னு சொன்னாவ. அதைக் கொஞ்சம் ஆவிக்குரிய பாஷையில..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். திமிர் என்று எழுதியிருந்தால்கூட அது ஒரு மனுஷன் கோபத்தில் சொன்ன சொல் என்று போயிருக்கும். அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஆண்டவர் பக்கத்தில் உட்காரவைத்ததுதான் இன்பத்தால் தாங்க முடியவில்லை.

"அப்பம் அதை மட்டும் விட்டுட்டு வாசிச்சிருங்கம்மா. பிரச்சினை இல்லலா?" என்றார் போதகர்.

அவருக்குப் பிரச்சினை இல்லை.

*

உபவாச ஜெபத்துக்குத் தரையில் ஜமுக்காளம் விரிப்பது சுந்தரராஜின் வேலை. கமிட்டி மெம்பர் என்றாலும் அதைத் தன் கையால்தான் செய்வார்; அதில் அவருக்கு ஒரு தாழ்மை, தாழ்மையில் ஒரு பெருமை. இன்பம் ஆலயத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் பக்கம் விரித்து முடித்துச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சொன்னியளா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "மெதுவாப் பேசுட்டி. பின்னால கஞ்சி காச்சிக்கிட்டு இருக்காவ."

"நேத்து குரூப்புல சத்தமாப் போட்டாச்சு. இன்னைக்கு நான் மட்டும் மெதுவாப் பேசணுமாக்கும்?"

"ஏட்டி, நல்லதுக்குத்தான் சொன்னேன். சபைக்குத் தெரிஞ்சா அவ வீட்டு ஆளுக ரெண்டு பேரு புத்தி சொல்லுவாவ. வெக்கப்பட்டாவது வந்து சேருவா. நாளைக்குப் பையன் பேரு கெட்டுப் போயிரக் கூடாதுல்லா?"

"பையன் பேரு ஏன் கெடணும்? போனது அவ. அவன் என்ன செஞ்சான்?"

சுந்தரராஜ் குனிந்து, சுருக்கமே இல்லாத இடத்தில் ஜமுக்காளத்தை நீவினார். அந்த நேரத்தில்தான் பக்கவாட்டு வாசலில் நிழல் விழுந்தது.

பெனிட்டா நின்றாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள் என்பது கசங்கிய சேலையில் தெரிந்தது. கையில் போன். முகம் அழுது முடித்த முகம்.

"அத்த, இதை நீங்களா டைப் அடிச்சிய?"

இன்பம் அவளிடம் விரைந்து போய் இடது பக்கமாக நின்று தோளைப் பிடித்தாள். "இல்லட்டி. சத்தியமா நான் இல்ல" என்றாள்.

பெனிட்டா முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி, வலது காதை முன்னால் கொண்டுவந்தாள். "என்னத்த? என்ன சொன்னிய?"

பக்கத்தில் நின்று சொன்னது. தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது, அவளுக்குக் கேட்கவில்லை. இன்பம் அவளை உற்றுப் பார்த்தாள். புதன்கிழமை போன் ஞாபகம் வந்தது. லைனில் ஒரு கோளாறும் இல்லை.

"உன் காதுக்கு என்னட்டி?"

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. டாக்டர் பாத்துட்டுச் சொன்னாரு."

"எப்படி?"

"உங்க மகனைக் கேளுங்கன்னுதானே அத்த போன்லயும் சொன்னேன்."

இன்பம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் பதறவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"அன்னைக்கே வந்து அழுதான் இன்பம். நான்தான் உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னேன். நீ தாங்க மாட்டியேன்னு..."

"நான் தாங்க மாட்டேன்! இந்தப் புள்ள தாங்குவா!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இவர் மறைத்ததோடு விடவில்லை. சோற்றைக் கொண்டுபோய் ஆண்டவர் சந்நிதியில் வைத்து, இதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று ஊரைக் கூப்பிட்டிருக்கிறார். அதுவும் யாரை வைத்து? வாங்குகிற குறிப்புக்கெல்லாம் இரண்டு கேள்வி கேட்கிற பெண்டாட்டியின் வாயை வைத்து. இன்பத்துக்கு வந்த கோபத்துக்கு இடம் ஆலயம் என்பதுகூட மறந்துபோனது. கையிலிருந்த ஜெராக்ஸ் கட்டை ஜமுக்காளத்தின் நடுவில் தூக்கிப் போட்டாள்.

*

பிரின்ஸ் முன்னால் கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். பெனிட்டா வந்ததைப் பார்த்திருந்தான். அம்மா வருவதைப் பார்த்ததும் வயரை இன்னும் கவனமாக மாட்டினான்.

"ஏலே, அடிச்சியா?"

"எம்மா, இங்கன வச்சா?"

"அடிச்சியா?"

"கோவத்துல... ஒரு தடவை கை பட்டுட்டும்மா."

கை பட்டுவிட்டதாம்! கேட்டீர்களா? இவன் இங்கே சும்மா நின்றிருக்கிறான், கை மட்டும் தன்பாட்டுக்குக் கிளம்பிப் போய் அவள் கன்னத்தில் பட்டுவிட்டது. டம்ளர் தவறி விழுந்தால்கூட, "நான்தான் போட்டுட்டேன்" என்று சொல்லி வளர்ந்த பையன்.

"எதுக்கு அடிச்ச?"

"நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே எந்திரிச்சுப் போனா."

இன்பம் அவனையே பார்த்தாள். இவனைப் பெற்று, பாட்டுக் கற்றுக்கொடுத்து, வேத வசனம் மனப்பாடம் பண்ண வைத்து, முதல் பரிசு வாங்கினபோது தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவள்.   அழுவதற்கு இது நேரமில்லை.

"இன்னைக்கு நீயே எந்திரிச்சு மைக்குல சொல்லிரு மக்கா. நான் அடிச்சேன், எனக்காக ஜெபிங்கன்னு சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கேன்."

"என்னம்மா சொல்லுதிய? இத்தனை பேரு முன்னால என் மானம் போயிரும்."

"அவ மானத்தை ஜெராக்ஸ் போட்டு வச்சிருக்கியளேலே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பாதான் போடச் சொன்னாவ" என்றான்.

"போட்டது அப்பா. பாத்துக்கிட்டு இருந்தது யாரு?"

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செருப்புகள் வாசலில் சேர்ந்தன. இன்பம் திரும்பி வந்து பெனிட்டாவின் வலது பக்கமாக நின்றாள்.

"ஏட்டி, அந்தக் குறிப்பை நான் வாசிக்க மாட்டேன். விட்டுட்டா உனக்குப் போதுமா?"

பெனிட்டா யோசித்தாள். "போதாது அத்த. மருமகளை நெனச்சு வெக்கப்பட்டு விட்டுட்டாவன்னுதான் சொல்லுவாவ. படிச்சவங்க எல்லாரும் படிச்சாச்சு."

அவள் சொன்னது சரிதான். இன்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தொலைபேசியில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியை முதல் தடவையாகத் தன் வீட்டு ஆளிடம் கேட்டாள்.

"நெசத்தை வாசிக்கலாமா? உன் பேரோட வாசிக்கலாமா?"

"வாசிங்க" என்றாள் பெனிட்டா. "ஓடிப் போனேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் நடந்துதான் போனேன்."

*

பத்தரை மணிக்கு ஆலயம் நிறைந்திருந்தது. வழக்கத்தைவிடக் கூட்டம். உபவாசத்தில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு வாஞ்சை வந்ததற்கு வாட்ஸ்அப்தான் காரணம் என்று சொன்னால் பாவமாகாது. பின்வரிசையில் பெனிட்டா உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்து தலைகள் திரும்பித் திரும்பி வந்தன. முன்வரிசையில் ரெபேக்காள் முக்காட்டைச் சரிசெய்வதுபோல இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. இன்பம் தூக்கிப் போட்டதில் ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மைக்கின் முன்னால் போய் நின்றாள். பிரின்ஸ் கீபோர்டில் மெல்லத் தொடங்கினான்.

அவள் வாசித்தாள். வெள்ளாங்குளத்து அம்மாவின் கண் ஆபரேஷன். ஆண்டவரே, கேட்டருளும். நர்சிங் முடித்துவிட்டு வேலை தேடும் அனிட்டா. ஆண்டவரே, கேட்டருளும். சவுதியில் மாட்டிக்கொண்டவர், தறி நின்றுபோன வீடு, பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சகோதரி. ஒவ்வொன்றையும் எப்போதும்போல நிறுத்தி நிதானமாக வாசித்தாள். எல்லாரும் கடைசிக் குறிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

வந்தது. இன்பம் தாளை மடித்தாள்.

"கடைசியில் அச்சடித்திருப்பது பொய். அதைக் கேட்காமல் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

பின்வரிசையில் பெனிட்டாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். 

"என் மகன் பிரின்ஸ், தன் மனைவி பெனிட்டாவைச் செவிப்பறை கிழியும்படி அடித்தான். அவன் மனந்திரும்ப ஜெபிப்போம். அது தெரிந்தும், அடிபட்டவள் பேரை எழுதிக் கொடுத்த எங்கள் வீடு மனந்திரும்ப ஜெபிப்போம்."

கீபோர்டு நின்றது.

சபையார் வாய் திறக்க வேண்டிய இடம் அது. ஒருவரும் திறக்கவில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. பின்கட்டில் கஞ்சிச் சட்டியைக் கிண்டுகிற கரண்டிச் சத்தம் கேட்டது. போதகர் ஞானஒளிவு தன் வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அது மூடியிருந்தது. சுந்தரராஜ் ஆண்கள் பக்கம் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண் பேரைப் போட்டிருந்தால் இந்நேரம் ஆண்டவரே என்று அலறியிருப்பார்கள் என்று இன்பம் நினைத்தாள். ஆண்பிள்ளை பேர் என்றதும் அத்தனை பேருக்கும் வாய் கட்டிப்போய்விட்டது. 

"ஆண்டவரே, கேட்டருளும்."

முன்வரிசையிலிருந்து வந்தது குரல். ரெபேக்காள். கண்ணை இறுக மூடியிருந்தாள், கன்னம் நனைந்திருந்தது. அவள் புருஷன் அவள்மேல் கை நீட்டுகிறவர் என்பது அந்த ஆலயத்தில் எல்லாருக்கும் பல வருஷமாகத் தெரியும். ஒரு சனிக்கிழமைகூட யாரும் அதற்காக ஜெபித்ததில்லை.

"ஆண்டவரே, கேட்டருளும்" என்றாள் அவள் மறுபடியும், இன்னும் சத்தமாக.

பிறகு பெண்கள் பக்கமிருந்து இரண்டு மூன்று குரல்கள். பிறகு பல. ஆண்கள் பக்கமிருந்தும் ஒன்றிரண்டு வந்தன, தொண்டையைச் செருமிக்கொண்டு. பிரின்ஸ் எழுந்தான். யாரையும் பார்க்காமல் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போனான். சுந்தரராஜ் அவன் பின்னாலேயே ஓடினார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

*

கஞ்சி ஊற்றும்போது இன்பத்தின் கழுத்தில் அந்த நீல நாடா அட்டை இல்லை. கழற்றி மைக் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஊழியத்துக்கு அவள் வேண்டாமென்றால் சபை அதை எடுத்துக்கொள்ளட்டும், வேண்டுமென்றால் திரும்பக் கையில் கொடுக்கட்டும் என்று.

வாகை மரத்தடியில் பெனிட்டா தனியாக நின்றிருந்தாள். இன்பம் கஞ்சியும் துவையலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெனிட்டா வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"அத்த, ஒண்ணு கேக்கணும்."

"கேளுட்டி."

"உள்ள சொன்னிய. எனக்கு எவ்வளவு பெருசுன்னு சொல்லத் தெரியல. ஆனா, அவர் மனந்திரும்பிட்டா நான் வீட்டுக்கு வந்துருவேன்னு நெனச்சுச் சொன்னியளா?"

இல்லை என்று சொல்ல இன்பம் வாயெடுத்தாள். அந்த ஒரு சொல்தான், சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நாக்கு எழும்பவில்லை. காலையிலிருந்து இத்தனை பேரிடம் நெசத்தைக் கேட்டு நின்றவள், இப்போது தன் மனசுக்குள்ளே போய்த் தேடிப் பார்த்தாள். அங்கே, மூலையில், மகனும் மருமகளும் ஒரே பைக்கில் வாசலில் வந்து இறங்குகிற ஆசை, இத்தனைக்குப் பிறகும், அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பெனிட்டா கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி, கேட்கிற காதை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றாள்.